மகள் வாங்கிக் கொடுத்த சாப்பாடு

பத்து நாளா இங்க ஒண்ணும் எழுதல. மஞ்சள் வெட்டுக்கு ஆள் தேடற நேரத்துல தோட்டத்தைப் பங்காளி கையில குடுத்துட்டு வடக்க போயிட்டு வந்தேன். மகளைப் பாக்கத்தான். ஆனா இந்தப் பதிவு முழுக்கச் சாப்பாட்டைப் பத்தித்தான் இருக்கும். ஏன்னு படிச்சா தெரியும்.

மகள் ஹரியானாவுல கர்னால்ங்கிற ஊர்ல, தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்துல மேல்படிப்பு படிக்கிறா. இது ரெண்டாவது வருசம். முடிச்சதும் அங்கயே பிஎச்டி சேரணும்ங்கறா. சம்சாரத்துக்கு அதுல இஷ்டமில்ல. கரூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் வந்திருக்கு. ஜாதகம், போட்டோ எல்லாம் ஒரு பழுப்புக் கவர்ல போட்டு என் பையோட அடியில வெச்சிட்டா. கூடவே பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்கா ஊறுகா. வண்டி ஏறும்போது சொன்னா: "போனதும் எடுத்து நீட்டிறாதீங்க. ரெண்டு நாள் அவகூடச் சாப்பிடுங்க. அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பத்தி அவளே அழுவா. அப்பக் குடுங்க."

எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுது. வடநாட்டுச் சாப்பாடுன்னா எனக்குத் தெரிஞ்சது சத்தியில இருக்கிற ஒரு ஏசி ஓட்டல்தான். பனீர் பட்டர் மசாலா, காளான் மசாலா, கோபி மசாலா, பேருதான் வேற வேற. கிண்ணத்துல வர்றது ஒரே ஆரஞ்சுக் குழம்பு. முந்திரி அரைச்சு ஊத்தி, கொஞ்சம் சக்கரையும் போட்டு, பாயசத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும். இதை மூணு வேளையும் ஒரு புள்ள எப்படித் திம்பா?

ஈரோட்டுல ஏறி ரெண்டு ராத்திரி ரயில். டெல்லி ஸ்டேசனுக்கே வந்து நின்னா. கர்னால் அங்கிருந்து சுமார் 125 கிலோமீட்டர், பஸ்ல கிளம்பினோம். ஜனவரிப் பனி. பத்தடிக்கு முன்னால போற லாரி தெரியல. வழியில முர்த்தல்னு ஒரு ஊர். ரோட்டோரம் வரிசையா தாபாக்கள், லாரிக்காரங்களுக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப காருங்கதான் அதிகம் நிக்குது. அங்க பரோட்டா பேருபோனதாம்.

நம்ம பரோட்டா இல்லைங்க. கோதுமை மாவுக்குள்ள உருளைக்கிழங்கையோ முள்ளங்கியையோ வெச்சு, தட்டி, தந்தூர் அடுப்புச் சுவத்துல ஒட்டிச் சுடறது. மேல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெண்ணெய் உருண்டை. நான் பழக்க தோசத்துல பக்கத்துல இருந்த பருப்பை எடுத்து அது மேல ஊத்தப் போனேன், சால்னா ஊத்தற மாதிரி. "அப்பா, அப்பா, ஊத்தாதீங்க"ன்னு கையைப் புடிச்சிட்டா. பிச்சுத் தொட்டுத்தான் சாப்பிடணுமாம். எதிர் மேசையில இருந்த தலப்பாக்கட்டுப் பெரியவர் சிரிச்சுட்டு ஊறுகாய்க் கிண்ணத்தை எம்பக்கம் தள்ளினார்.

அந்த வெண்ணெய் சுத்த வெள்ளை. உப்பில்லை. எங்க ஊட்டு ஜெர்சிப் பால் வெண்ணெய் மஞ்சளாத்தான் இருக்கும். இதென்ன கலப்படமான்னு கேட்டேன். மகளுக்குப் படிப்பைக் காட்ட ஒரு வாய்ப்பு. பசு, தீவனத்துல இருக்கிற கரோட்டினை அப்படியே பால்ல விட்டுருது, அதனால மஞ்சள். எருமை அதை வைட்டமின் ஏ-வா மாத்திருது, அதுக்கு நிறம் கிடையாது. ஹரியானா முர்ரா எருமைக்குச் சொந்த ஊர். ரோத்தக், ஜிந்த், ஹிசார் பக்கம் ஊட்டுக்கு ஊடு நிக்குமாம். பால்ல கொழுப்பு 7 வரைக்கும் வரும். நம்ம சொசைட்டியில 4 வந்தாலே அன்னிக்கு நாம ராஜா. இந்தப் பாலைக் கையில வெச்சிருக்கிறவன் சமையல்ல எண்ணெயை எதுக்குத் தேடப் போறான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

மறுநாள் மத்தியானம் காலேஜுக்கு வெளிய ஒரு சின்னக் கடை, நாலே மேசை. கடின்னு ஒண்ணு வாங்கிக் குடுத்தா. பேரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். புளிச்ச மோர்ல கடலைமாவைக் கரைச்சுக் கொதிக்க வெச்சு, உள்ள பக்கோடா போட்டது. அட, நம்ம மோர்க்குழம்பு! தேங்காய் மட்டும் இல்ல. நம்ம மோர்க்குழம்பு நுரை கட்டினதும் இறக்கிறணும், விட்டா திரிஞ்சு போயிரும். இங்க கடலைமாவு இருக்கிறதால திரியாது. எத்தனை கொதி வருதோ அத்தனை ருசி, இல்லேன்னா மாவோட பச்சை வாசம் போகாதுன்னு கடைக்காரம்மா சொன்னதை மகள் சொல்லிச்சு. சோத்துல ஊத்தித்தான் சாப்பிட்டேன். ரெண்டு நாளைக்கு அப்புறம் சோறு கண்ட சந்தோசம் வேற.

சோலே பட்டூரா ஒரு நாள் காலையில. அது எண்ணெய்ல முழுகின மைதாப் பூரி, அதுக்குக் கொண்டக்கடலை. அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, நாள் பூரா நெஞ்சு கரிச்சுது.

தால் மக்கனி பத்திச் சொல்லணும். தோல் உரிக்காத கருப்பு உளுந்து. ராத்திரி பூரா கரி அடுப்புல மெதுவா வேக வெச்சு, வெண்ணெய் விட்டது. இதையும், நம்ம ஓட்டல் ஆரஞ்சுக் குழம்புக்கு மூலமான பட்டர் சிக்கனையும், பிரிவினை சமயத்துல பெஷாவர்ல இருந்து டெல்லி தரியாகஞ்சுக்கு வந்து மோத்தி மகால் ஓட்டல் போட்டவங்கதான் பிரபலம் பண்ணினாங்களாம். யாரு முதல்ல பண்ணினதுன்னு 2024ல டெல்லி ஹைகோர்ட்டுக்கே கேஸ் போயிருக்கு. வரப்புத் தகராறு கேள்விப்பட்டிருக்கேன், பருப்புத் தகராறு இப்பத்தான்.

அதைச் சாப்பிடும்போது எனக்கு வேற ஞாபகம். இவ பெரிய மனுசி ஆனப்ப எங்கம்மா இதே கருப்பு உளுந்தைத் தோலோட வறுத்து அரைச்சு, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் குடுத்தாங்க. ஒரு வாரம் அழுதுட்டே தின்னா. இப்ப அதே உளுந்தை ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கறா. எங்கம்மா இருந்திருந்தா நல்லாத் திட்டியிருப்பாங்க.

மூணாவது நாள் சாயங்காலம் டவுனுக்கு வெளிய ஒரு தாபா. சுத்திக் கோதுமைப் பச்சை, நடுவுல நடுவுல கடுகு பூத்து மஞ்சள். அங்க சாப்பிட்டதுதான் சர்சோங் கா சாக், மக்கி ரொட்டி. கடுகுக் கீரையை வேக வெச்சு மத்தால மசிச்சு, கொஞ்சம் மக்காச்சோள மாவு தூவிக் கெட்டியாக்கி, இஞ்சி பூண்டு தாளிச்சது. கடுகுக் கீரை தனியா காரும். அதுக்குத் துணையா பத்துவான்னு ஒரு கீரை சேக்கறாங்க. அது என்ன கீரைன்னு கேட்டேன். மகள் என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துக் கோதுமை வயல் வரப்புல குனிஞ்சு ஒரு செடியைப் புடுங்கிக் காட்டினா. இலையில மாவு தூவின மாதிரி ஒரு வெள்ளை. சுத்தக் களைங்க! கோதுமைக்காரன் மருந்தடிச்சுக் கொல்ற களை. பொம்பளைங்க அதுக்கு முன்னால புடுங்கிச் சட்டிக்குக் கொண்டு போயிடறாங்க. நம்ம சோளக்காட்டுப் பண்ணைக்கீரை கதையேதான். களை வெட்டப் போய் மடி நிறையக் கீரையோட வர்றது.

ரொட்டிக்கு மக்காச்சோளம். அந்த மாவுல பசை கிடையாது, கட்டையில தேச்சா உடைஞ்சிரும். ஈரக்கையில தட்டித் தட்டித்தான் போடறாங்க. நானும் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் போடறேன். பத்து வருசமா கோழித் தீவன மில்லுக்குத்தான் போகுது. ஒரு நாளும் ஒரு கருதை மாவாக்கி வாயில வெச்சதில்ல. இங்க அதைக் குடும்பத்தோட கார் போட்டு வந்து, காத்திருந்து சாப்பிடறாங்க.

கடைசியா ஒரு சின்னக் கிண்ணத்துல பாஜ்ரா கிச்சடி வந்துது. குளிர்காலத்துல மட்டும் போடறதாம். ஒரு வாய் வெச்சதும் நிறுத்திட்டேன். கம்பஞ்சோறு. கம்பை இடிச்சுப் பாசிப்பருப்பு சேத்துக் குழைய விட்டு, மேல நெய்.

நான் பள்ளிக்கூடம் போறப்ப எங்கம்மா தூக்குப்போசியில கம்பஞ்சோறுதான் போட்டு விடுவாங்க. நெல்லுச்சோறு கொண்டு வர்ற பசங்களுக்குத் தெரியாம, வேப்பமரத்துக்குப் பின்னால திரும்பி உக்காந்து தின்னவன் நான். கிணத்துல மோட்டார் போட்டு நாலு காசு பாத்ததும் முதல் வேலையா எங்க காட்டுல கம்பை நிறுத்தினேன். அதை மகளுக்குச் சொன்னேன். இதுவரைக்கும் அவகிட்டச் சொன்னதில்ல.

அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "முதல் மாசம் நானும் ரூம்ல கதவைச் சாத்திட்டுப் பருப்புப்பொடி போட்டுத்தான் தின்னேன்ப்பா. அவங்க சிரிப்பாங்களோன்னு. அப்புறம் ரோத்தக்காரி ஒருத்தி பொடியைப் புடுங்கி ரொட்டிக்குத் தொட்டுத் தின்னா. அதுக்கப்புறம்தான் அவங்க ஊட்டு மெஸ்ஸுக்கெல்லாம் போக ஆரம்பிச்சேன்."

நான் கேக்க வேண்டியதைக் கேட்டேன். "இங்கயே இருந்துருவியா கண்ணு?"

"இந்த இன்ஸ்டிடியூட்டே பெங்களூர்ல இருந்து 1955ல இங்க வந்ததுதான்ப்பா"ன்னு சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "மூணு வருசம் குடுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்ற இடத்தைப் பாக்கறேன். பாக்கறேன்னுதான் சொல்றேன், சரின்னு சொல்லல"ன்னா. கவர் இருக்கிறது அவளுக்கு எப்படித் தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பொடி டப்பா எடுக்கறப்பப் பாத்திருப்பா.

மூணு நாள்ல அவ ஒரு தடவை கூடச் சாப்பாட்டைப் பத்தி அழல. ரசமும் தயிர்ச்சோறும் கேட்டு அழாத குறையா இருந்தது நான்தான்.

ஊட்டுக்கு வந்ததும் சம்சாரம் பையைக் கவுத்தா. கரும்பு வெல்லம் ரெண்டு கிலோ, ஒரு டப்பா எருமை நெய், மக்காச்சோள மாவு ஒரு பொட்டலம், அடியில பழுப்புக் கவர், ஓரத்துல நெய் கசிஞ்சு.

"குடுக்கலியா?"

"இல்ல."

"அவ சாப்பாட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

"நிறையச் சொன்னா. மோர் புளிச்சது இருக்குதா? கடலைமாவு எடு, கொதிக்கக் கொதிக்கச் சொல்றேன்"னேன். அவ கவரை எடுத்து, நெய்யை முந்தானையில துடைச்சு, பீரோவுல வெச்சிட்டு அடுப்படிக்கு வந்தா. முதல் கொதியிலயே இறக்கப் போனா. விடல.