உப்புத் தண்ணி வீடு

"வீட்டுக்காரர் எங்கீங்க வேலை, அம்மிணி?"

டூ லெட் பலகை பார்த்து ஏறிய படியெல்லாம் முதல் கேள்வி இதுதான். மிலிட்டரி என்றதும் முகம் மலரும். அடுத்த நொடியே சுருங்கும். "அப்ப நீங்களும் கொழந்தையும் மட்டுந்தானுங்களா?" சிலர் அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு ஏதாவது ஒன்றென்றால் யார் பதில் சொல்வது என்பது அவர்கள் கவலை.

என் கணவர் இருப்பது எல்லைப் பக்கம். ஃபீல்டு என்பார்கள். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. குவார்ட்டர்ஸ் உள்ள ஊருக்கு மாற்றல் வந்தாலும் சீனியாரிட்டிப்படி காத்திருக்க வேண்டும். அதுவரை எனக்கும் மூன்று வயது மகளுக்கும் திருப்பூரில் ஒரு வீடு வேண்டும். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவேன். அந்த நேரத்தில் சந்துக்குள் நாலு பேர் நடமாட்டம் இருக்க வேண்டும். வாடகை சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

பல்லடம் ரோட்டில் முதலில் பார்த்தோம். சூலூர் விமானப்படைத் தளம் அங்கிருந்து எட்டும் தூரம். 2018 முதல் தேஜஸ் விமானங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு விமானம் இரைந்துகொண்டு போக, மகள் "அப்பா" என்று கை காட்டினாள். அவள் அப்பா தரைப்படை என்று அந்த வயதுக்கு எப்படிச் சொல்வது? அங்கே அட்வான்ஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பிறகு நொய்யல் ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில், லைன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒன்று அமைந்தது. இரண்டு அறை, நல்ல வெளிச்சம். வாசலில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று தெரு தள்ளி இதே அளவு வீட்டுக்குக் கேட்டதைவிட இரண்டாயிரம் ரூபாய் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டேன். "போர் தண்ணி கொஞ்சம் உப்புங்க, அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர்.

அன்று வீடு பார்க்க மாமாவும் வந்திருந்தார், என் கணவரின் அப்பா. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் விவசாயம் பார்த்தவர். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை வாயில் விட்டார். உடனே துப்பினார். "இந்த ருசி எனக்குத் தெரியும் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்த இரண்டாயிரம் ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று நான் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். எங்கள் கம்பெனியிலேயே சலவைப் பட்டறையில் முப்பது வருஷம் இருந்த பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்.

திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி 1925-ல் குலாம் காதர் தொடங்கியது என்பார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் வெள்ளைப் பனியன்தான். வெளுக்க பிளீச்சிங் பவுடரும் நிறையத் தண்ணீரும் போதும். 1978-ல் இத்தாலிக்கு ஏற்றுமதி தொடங்கிய பிறகுதான் ஊரின் கணக்கு மாறியது. வெளிநாட்டுக்காரர்கள் கலர் கேட்டார்கள். சாயப்பட்டறைகள் பெருகின.

"சாயம் தானா துணியில ஏறாதும்மா. உப்புப் போட்டாத்தான் தண்ணியை விட்டுட்டுப் பருத்தியப் புடிக்கும்" என்றார் பெரியவர். அடர்ந்த கலர் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பையும் தாண்டும். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு ஆற்றுக்குப் போனது. நிறத்தைக்கூட எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரிய செலவு.

மீதியை மாமா சொன்னார், கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தபோது கரையோரத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் என்று கட்டிய அணை. அதில் வந்து தேங்கியதோ திருப்பூரின் சாயத் தண்ணீர். கிணறுகள் கசந்தன. மாடு வாய் வைக்காது. கீழே இருந்த விவசாயிகள் அணையைத் திறக்காதே என்று போராட வேண்டி வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் விடாதே என்று விவசாயியே சொன்ன கொடுமையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. "உன் புருசன் மிலிட்டரிக்குப் போனதுக்கு ஆசை பாதி, காஞ்ச காடு பாதி" என்றார் மாமா.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊர் அப்படியே நின்றது. பலர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்கு ஒத்துவந்த பட்டறைகள்தாம் மறுபடி திறந்தன. இன்று கழிவுத் தண்ணீரைச் சுத்திகரித்து, ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முன்னே மண்ணுக்குள் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவு கேட்டு வெளியேறுமா? ஒவ்வொரு போரிலும் அது ஏறி வருகிறது. எனக்குச் சனிக்கிழமைச் சம்பளம் தருவதும் அதே கலர் துணிதான். செக்கிங் டேபிளில் சிவப்பு டி-சர்ட்டைப் புரட்டும்போது இப்போது மாமாவின் கிணறு நினைவுக்கு வருகிறது.

அந்த நொய்யல் சந்தில் ஒரு பெண்ணிடம் தண்ணீர்ச் செலவு கேட்டேன். போர் தண்ணீர் பட்டால் பால் திரிகிறதாம். குடிக்கக் கேன், சமைக்கவும் கேன், குழந்தையைக் குளிப்பாட்ட மாதத்தில் சில நாள் லாரித் தண்ணீர். கூட்டிப் பார்த்தால் குறைந்த இரண்டாயிரம் அதிலேயே போய்விடுகிறது. குழந்தையின் தோல் அரிப்புக்கு வாங்கும் களிம்பு தனி.

அதற்கப்புறம் வீடு கேட்கப் போன இடங்களில் வாடகையைக் கடைசியில்தான் கேட்டேன். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், தொட்டி எவ்வளவு என்று தொடங்குவேன். 2005 வாக்கில் வந்த புதிய குடிநீர்த் திட்டம் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அளவுக்குக் கட்டப்பட்டது. பட்டறைகளுக்கும் ஊருக்கும் அதில் பங்கு. அந்தக் குழாய் எந்தத் தெருவரை ஒழுங்காக எட்டுகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக் குடங்களே சொல்லிவிடும்.

15 வேலம்பாளையம் என்ற பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. வாடகை கொஞ்சம் கூடுதல்தான். வீட்டுக்காரப் பாட்டி கீழேயே இருக்கிறார். மிலிட்டரி என்றதும் அவர் முகம் சுருங்கவில்லை. அவர் தம்பியும் பட்டாளத்தில் இருந்தவராம். "நீ வர்ற வரைக்கும் கேட்டைச் சாத்த மாட்டேன் சாமி" என்றார்.

சாமான் வந்த அன்று மாமா நேரே குழாயடிக்குப் போனார். ஒரு கை பிடித்து வாயில் விட்டு, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். நான் வண்டிப் பக்கத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். விழுங்கினார்.

"பெட்டியை எறக்கச் சொல்லு கண்ணு."