ஒரு லிட்டர் சந்தேகம்

எங்கள் அகரத்தில் ஒருவரிடம் ஓட்டு யாருக்கு என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், உட்கார வைத்துக் காரணம் சொல்வார். ஒருவருக்கு நான்குவழிச் சாலை பங்க்தான் சரி. லாரிக்காரர்கள் போடும் இடத்தில் சரக்கு தேங்காது என்பார். இன்னொருவர் திண்டுக்கல் டவுனுக்குள் போய்த்தான் டேங்க்கைத் திறப்பார். மூன்றாமவர் கம்பெனி பார்ப்பவர். அந்தக் கலர் போர்டைப் பார்த்தால்தான் அவருடைய வண்டி தானாகத் திரும்பும்.

எனக்கு இதெல்லாம் கிடையாது. அப்பா மொபெட் வைத்திருந்த காலத்தில் எந்த பங்க்கில் போட்டாரோ அங்கேயே நானும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தைக் கலைத்தவர் வேடசந்தூர் மச்சான். என்னுடையதும் அவருடையதும் ஒரே மாடல் சின்னக் கார், வாங்கியதும் ஒரே வருஷம். முத்தாலம்மன் திருவிழாவுக்கு வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

“மாப்ள, வண்டி எவ்வளவு குடுக்குது?”

“பதினாறு மச்சான்.”

“எனக்குப் பதினெட்டு. பங்க்க மாத்திப் பாருங்க.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று?

மறுவாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று காரின் டேஷ்போர்டுக்குள் ஏறியது. தேதி, பங்க், கிலோமீட்டர், லிட்டர் என்று நான்கு கட்டம். மூன்று கம்பெனி பங்க்குகளைத் தேர்ந்துகொண்டு மாற்றி மாற்றி ஃபுல் டேங்க் போட்டேன். முதல் சுற்றில் அப்பாவின் பங்க் 15.8 காட்டியது. இரண்டாவது 16.3, மூன்றாவது 16.9. மச்சான் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டாம் சுற்றில் எல்லாம் தலைகீழ். முதலில் தோற்றது ஜெயித்தது, ஜெயித்தது கடைசிக்குப் போனது. மூன்றாம் சுற்றில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன.

குழப்பத்தோடு நோட்டைக் கொண்டுபோய் மெக்கானிக் அண்ணனிடம் நீட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. குனிந்து முன் டயரைக் கையால் அமுக்கிப் பார்த்தார். காற்று மீட்டரை வைத்தால் 24. இருக்க வேண்டியது 33.

“பெட்ரோல மாத்தி மாத்திப் பாத்தீங்க சார். காத்த ஒரு தடவையாவது பாத்தீங்களா?”

டயர்களில் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் ஏறக்குறைய 0.2 சதவீதம் போகும் என்பது பொதுவான கணக்கு. எல்லா டயரிலும் ஒன்பது குறைந்தால் இரண்டு சதவீதத்துக்குப் பக்கம். பதினாறில் அது கால் கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். பெரிய தொகை இல்லை. ஆனால் மூன்று கம்பெனிகளில் நான் தேடி அலைந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு என் டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அடுத்து அவர் கேட்டதுதான் நோட்டையே காலி செய்தது. “ஃபுல் டேங்க்னு எழுதியிருக்கீங்களே, எது ஃபுல்லு?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு பங்க்கில் நாசில் ‘டக்’கென்று நின்றதும் பையன் எடுத்துவிடுவான். இன்னொன்றில் நின்ற பிறகும் வண்டியைக் குலுக்கி, இன்னும் கொஞ்சம் இழுத்து, தொகையை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ரவுண்டாக்கிவிட்டுத்தான் மூடியைப் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு லிட்டர் சுலபமாக விழும். 400 கிலோமீட்டர் ஓடி 25 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. அதே ஓட்டத்துக்கு 24 லிட்டரோடு நிறுத்தினால் 16.7. ஒரு லிட்டர் மேலே கீழே போனதற்கே நான்கு சதவீதம் ஆடுகிறது. நான் பிடிக்கப் போன மீன் என் வலையின் ஓட்டையைவிடச் சின்னது.

சரி, பெட்ரோலிலாவது வித்தியாசம் உண்டா? எங்கள் ஊரின் இருப்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். அகரத்துக்கு வடக்கே கரூர், தெற்கே மதுரை. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவை இருகூர் வழியாகக் கரூர் வரைக்கும் பூமிக்கடியில் ஒரு குழாய் வருகிறது. சென்னை மணலி ஆலையின் எண்ணெயைத் திருச்சி வழியாக மதுரைக்குக் கொண்டுவருவது இன்னொரு குழாய். குழாய் முடியும் இடத்திலிருந்து டேங்கர் லாரிகள் பங்க்குகளுக்குக் கிளம்புகின்றன. எல்லா ஊரிலும் எல்லாக் கம்பெனிக்கும் ஆலை கிடையாது. அதனால் பக்கத்தில் யாருடைய சரக்கு இருக்கிறதோ அதை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது எண்ணெய்க் கம்பெனிகளின் பழைய ஏற்பாடு. கூரையின் கலர் வேறாக இருந்தாலும் தரைக்கடியில் கிடப்பது ஒரே ஆலையின் பெட்ரோலாக இருக்கலாம். யாருடைய சரக்கானாலும் இந்தியத் தர நிர்ணயத்துக்குள் அடங்கியாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் போகக் கூடாது.

கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது மேலே சேர்க்கும் மருந்து. எஞ்சினுக்குள் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும் சுத்திகரிப்புப் பொருள் அது. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் சோதித்தபோது, நல்ல மருந்து கூடுதலாகச் சேர்த்த பெட்ரோலைவிட அந்த அளவுக்குச் சேர்க்காததில் 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில் சராசரியாக 19 மடங்கு படிவு கண்டார்கள். ஆக, அது பொய்யில்லை. ஆனால் அதன் பலன் எஞ்சினின் ஆயுசில் தெரியும். இந்த டேங்க்குக்கும் அடுத்த டேங்க்குக்கும் நடுவில் தெரியாது.

பங்க்குக்கு பங்க் உண்மையிலேயே மாறக்கூடியவை அளவும் தண்ணீரும்தான். அளவைப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் அப்பாவின் பங்க்கில் துணிந்து ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேட்டேன். கேட்பது நம் உரிமை என்று தெரியும், இருந்தாலும் வாய் திறக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. வயசான ஊழியர் ஒருவர் முகம் சுளிக்காமல் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். கழுத்து குறுகிய பாத்திரம். கழுத்தில் கண்ணாடி, அதில் கோடுகள். முதலில் பெட்ரோலை ஊற்றி உள்பக்கம் முழுக்க நனைத்துக் கவிழ்த்து வடியவிட்டார்.

“காஞ்ச பாத்திரத்துல புடிச்சா அதுவே கொஞ்சம் குடிச்சிரும் தம்பி. அப்புறம் எங்க மேல பழி வரும்.”

“ஜீரோ பாத்துக்குங்க” என்று சொல்லி ஐந்து லிட்டர் பிடித்தார். கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி. அதற்குள்தான் இருந்தது. அந்த 25 மில்லியும் முழுசாகப் போனதென்றே வைத்தாலும், 25 லிட்டருக்கு எட்டில் ஒரு லிட்டர். என் வண்டிக்கு இரண்டு கிலோமீட்டர். அகரத்திலிருந்து தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் பக்கம் போகிற அளவுப் பெட்ரோல்.

தண்ணீர் வேறு கதை. மழை பெய்து நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால், பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் போய்த் தங்கும். அது வண்டிக்குள் போனால் மைலேஜ் குறைவதோடு விடாது, வண்டியே நிற்கும். அளவுகோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பார்கள். மழைக்கு மறுநாள் அதைச் சோம்பாமல் செய்கிற பங்க்தான் நல்ல பங்க். அதற்குப் போர்டில் கலர் கிடையாது.

எத்தனால் என்றதும்தான் வீட்டில் கிடந்த பழைய டைரி ஞாபகம் வந்தது. கார் புதிதாக இருந்தபோது எழுதிய கணக்கு அதில் இருந்தது. அப்போது 17-க்கு மேலே. வண்டிக்கு வயசாகிவிட்டது, அதையும் கழிக்க வேண்டும். ஆனால் அதற்குள் பெட்ரோலும் வேறாகிவிட்டது. 2022-இல் நாடு முழுக்கச் சராசரி பத்து சதவீத எத்தனாலை எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் கலந்தது சில பங்க்குகளுக்கு வந்தது. 2025-இல் இருபதுதான் எங்கும் வழக்கம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், சக்தியில் ஆறேழு சதவீதம் போகும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், பழைய பெட்ரோலுக்கென்று வடிவமைத்துப் பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களுக்கு அதே ஆறேழு சதவீதத்தைத்தான் மதிப்பிட்டது. இருபதுக்குச் சரிசெய்த புது வண்டிகளில் இழப்பு குறைவு.

எத்தனால் எங்கிருந்தோ வருவதும் இல்லை. கரும்பு, நொய்யரிசி, இப்போது அதிகமாக மக்காச்சோளம். எங்கள் மாவட்டத்துக் காடுகளில் கோழித்தீவனத்துக்கென்று விளையும் அதே மக்காச்சோளம்தான். வண்டி வைத்திருப்பவன் முணுமுணுக்கிறான், சோளம் போட்டவன் விலை கேட்டு நிமிர்கிறான். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த பங்க்கா அந்த பங்க்கா என்று நாங்கள் கட்சி பிரிந்து பேசிக்கொண்டிருந்த வருஷங்களில், மாற்றம் எல்லா பங்க்கிலும் ஒன்றாகவே வந்து இறங்கியிருக்கிறது. ஒரு பங்க்கில் மட்டும் மாறியிருந்தால் பக்கத்து பங்க்குக்குப் போய்விடலாம். எல்லோரிடமும் ஒரே மாதிரி மாறினால் யாரைக் குற்றம் சொல்வது? அதனால்தானோ என்னவோ, நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

போன மாசம் மச்சானைப் பார்த்தபோது அவருடைய பதினெட்டை எப்படிக் கணக்கெடுத்தார் என்று விசாரித்தேன். நோட்டெல்லாம் இல்லை. போன வருஷம் திருச்சிக்கு நெடுஞ்சாலையில் தனியாகப் போய் வந்தபோது கார் டிஸ்ப்ளே காட்டிய எண் அது. நானோ திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் தினமும் இரண்டாவது கியரில் ஊர்கிறவன்.

“பங்க்க மாத்தினீங்களா மாப்ள?”

“இல்ல மச்சான். காத்து அடிச்சேன்.”

நோட்டு இன்னும் டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. பங்க் என்ற கட்டத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது டயர் பார்த்த தேதி. பெட்ரோல் அப்பாவின் பங்க்கிலேயே போடுகிறேன், நாசில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். மழை பெய்த மறுநாள் மட்டும், ஐந்து லிட்டர் பிடித்துக் காட்டிய அந்தப் பெரியவர் எனக்காகவே காத்திருந்தவர் மாதிரி கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டுவார்.

“காலைல தொட்டிக்குள்ள பாத்துட்டேன் தம்பி. தண்ணி இல்ல. தைரியமாப் போடுங்க.”