கலசம் பார்க்கப் போனோம்!

'ரெண்டு லட்சம் போட்டா ரெண்டு கோடி' என்று ஒருத்தர் சொன்னால், பி.காம். படித்தவன் முதலில் என்ன கேட்க வேண்டும்? 'எப்படி சார்?' என்றுதானே! என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். தேறி, இப்போது ஒரு கம்பெனியில் கேஷியராக இருக்கும் என் நண்பன் கேட்ட ஒரே கேள்வி: "எந்த ஊருக்கு வரணும் சார்?"

பழவேற்காட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"கோயில் கலசம்டா. முந்நூறு வருஷத்துப் பழசு. இடி விழுந்து விழுந்து உள்ளே இரிடியமா மாறியிருக்கு. பக்கத்துல அரிசியைப் போட்டா 'சரக்'குனு இழுக்குதாம். வெளிநாட்டுல ராக்கெட்டுக்கு வாங்கறாங்க" என்று மூச்சு விடாமல் சொன்னான். மடியில் ஒரு ரெக்ஸின் பை. அதில் இரண்டு லட்சம். தங்கை கல்யாணத்துக்காக பி.எஃப். லோன் போட்டு எடுத்தது. நான் சும்மா துணைக்கு. (லாபத்தில் பத்து பர்சென்ட் தருவதாகச் சொல்லியிருந்தான் என்பதை இங்கே அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறேன்.)

சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர். பொன்னேரி தாண்டியதும் ஜன்னல் வழியே கருவாட்டு வாசனை வந்து வரவேற்கிறது. ஒன்பது மணிக்கே இறங்கிவிட்டோம். பார்ட்டிக்கு போன் போட்டால், "மூணு மணிக்கு வர்றேன். ஊரைச் சுத்திப் பார்த்துக்கிட்டு இருங்க" என்றார். சுற்றினோம்.

டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இங்கேதான் இருந்தது. சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். 1690-ல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். இப்போது கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முள்புதரும்தான். ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் பத்திரமாக இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். நண்பன் பையை இறுக்கிக்கொண்டான்.

உள்ளே சாதாரண ஆட்களுக்குத் தரையோடு தரையாகப் பலகைக்கல். பெரிய மனிதர்களுக்கு மட்டும் கும்மட்டம், கூர்நுனித் தூண். செத்த பிறகும் கிரேடு பார்த்திருக்கிறார்கள்! உயரமாக எதையாவது கட்டினால் அதன் உச்சியை மொட்டையாக விட மனிதனுக்கு மனசு வருவதில்லை போலிருக்கிறது. கிரேக்கர்கள் கோயில் கூரையின் முகட்டிலும் ஓரங்களிலும் சிலையோ இலைக்கொடியோ செய்து வைத்து, அதற்கு 'அக்ரோடீரியா' என்று பெயரும் வைத்தார்கள். ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் உச்சியில் பெரிய பளிங்கு இலைக்கொடியே நின்றது. நமக்குக் கலசம்.

ராஜராஜன் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது, பட்டம் கட்டிய 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள். 1010-ல். செம்பு 3083 பலம், மேலே போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள்! என் ஆடிட்டர் கூட இவ்வளவு சுத்தமாக ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுவதில்லை. செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று கணக்கு வந்துவிட்டது. இரிடியம்?

கல்லறை நிழலில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். (வீட்டிலேயே தேடியிருக்கலாம். பத்து பர்சென்ட் கண்ணை மறைத்துவிட்டது.) இரிடியத்தைக் கண்டுபிடித்ததே 1803-ல்தான், லண்டனில், பிளாட்டினம் தாதுவிலிருந்து. செம்பு 1085 டிகிரியில் உருகும். இரிடியம் உருக 2446 டிகிரி வேண்டும். கன்னார் பட்டறைக் கரி அடுப்பில் நடக்கிற காரியமா? இடி விழுந்தால் செம்பு உருகலாம், ஓட்டை விழலாம். வேறு உலோகமாக மாறாது. இரிடியம் இரும்பைக்கூட இழுக்காது, அரிசியை எங்கே இழுக்கப் போகிறது! இரும்புத்தூள் தடவிய அரிசி, உள்ளே ஒளித்து வைத்த காந்தம். வித்தை அவ்வளவுதான்.

"நெட்டுல போடறதெல்லாம் நிஜமாடா?" என்றான் நண்பன். குரலில் பாதி ஜீவன்தான் இருந்தது.

ஏரிக்கரைக்கு வந்தோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில்; நம் பங்குக்கு இந்தத் தெற்கு ஓரம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சவாரிப் படகு கவிழ்ந்து குடும்பம் குடும்பமாகப் பலர் இறந்துபோன தண்ணீர் இது. படகு ஏற எங்களுக்குத் துணிச்சல் இல்லை. கரையில் வலையின் கிழிசலைச் சேர்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அறுபது வயசிருக்கும். அவர் குப்பத்து அம்மன் கோயில் கலசம் தூரத்தில் தெரிந்தது.

"ஏங்க, அந்தக் கலசம் ரொம்பப் பழசா?" என்று மெதுவாக ஆரம்பித்தான் நண்பன்.

"கும்பாபிஷேகத்துக்குப் புதுசா வாங்கினோம் சார். தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு வரி போட்டு. சாரத்துல ஏறித் தூக்கிக் குடுத்ததே நான்தான்."

"உள்ளே என்ன இருக்கும்?"

"இன்னா இருக்கும்? செம்புத் தகடு. நடுவுல ஒரு தண்டு நிறுத்தி, துண்டு துண்டா அதுல செருகி, உள்ளே வரகு கொட்டுவாங்க. பழசை இறக்கும்போது பார்த்தேன், பாதி வரகு உளுத்துப் போயிருந்திச்சு."

வெள்ளம் வந்து ஊர் விதையெல்லாம் அழிந்தால் கலசத்து வரகை எடுத்து விதைப்பார்கள் என்று நானும் பல கட்டுரைகளில் படித்துப் புல்லரித்திருக்கிறேன். பெரியவர் புல்லரிப்புக்கு இடம் தரவில்லை.

"அப்போ அது வெறும் அழகுக்குத்தானா?" என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. ஊசியை வலையில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கப்பா காலத்துல ஜி.பி.எஸ். ஏது சார்? கடல்லேர்ந்து பார்த்தா கரை பூரா ஒரே பச்சைக் கோடு. வெளக்குக் கம்பம், கோபுர மண்டை, ஒசந்த மரம்... இதுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு புடிச்சுக்குவாங்க. ரெண்டும் ஒரே நேரா வந்திச்சின்னா அதான் மொகத்துவாரம். தப்பினா மணல்ல ஏறிடும் படகு. காலை வெயில்ல கலசம் பளிச்சுனு அடிக்கும். அதைப் பார்த்துட்டா எங்கப்பா, 'சோத்தை வடிக்கச் சொல்லு'ம்பாரு. நடுக்கடல்ல யார்கிட்ட சொல்றதாம்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "இப்ப ராத்திரில ரெண்டு பேர் அங்க காவல் படுக்கிறோம். கலசத்துல என்னமோ இருக்குன்னு எவனோ கெளப்பி வுட்டுட்டான். அங்கங்க திருடுறானுங்களாம்" என்றார்.

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் காட்டப்போவது போலியாக இருந்தால் இந்த இரண்டு லட்சம் போச்சு. நிஜக் கலசமாகவே இருந்தால்? எந்தக் குப்பத்துத் தலைக்கட்டு வரியோ!

மூணேகாலுக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"கேஷ் ரெடியா சார்? சரக்கை இன்னிக்குக் காட்ட முடியாது. டெஸ்டிங்குக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் வரும்."

"குடுக்கறேன் சார். ஒரே ஒரு டவுட். கலசத்துக்குள்ளே வரகு இருக்கா?"

"வரகா? என்ன வரகு?"

"உளுத்துப் போனதா இருந்தாலும் பரவாயில்ல சார்."

லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

பெரியவரிடம் கேட்டு, படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய நண்டு இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு ரூபாய்கூட பேரம் பேசாமல் நண்பன் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பணம் என் சட்டைப் பையிலிருந்து. ரெக்ஸின் பையை அவன் திறக்கவே இல்லை. பொன்னேரி வரை பஸ்ஸில் நண்டுப் பை எங்கள் காலடியில் பரபரவென்று நகர்ந்துகொண்டே வந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.