தீவில் காற்றே மேடு

கொச்சியில் தொடங்கி, மூணாறு வழியாக மலையேறி, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, எங்கள் போடிநாயக்கனூரைத் தொட்டுக்கொண்டு தேனி, மதுரை, இராமநாதபுரம் கடந்து தனுஷ்கோடியில் முடிந்த நெடுஞ்சாலைக்கு முன்னர் 49 என்று எண் இருந்தது. இப்போது எண்கள் மாறிவிட்டன. எங்கள் ஊர்ப் பகுதி 85 ஆகவும் தீவுப் பகுதி 87 ஆகவும் உள்ளன. எண் எதுவாயினும், ஏலக்காய் மூட்டைகள் மலையிலிருந்து இறங்கிவரும் சாலையின் மறுமுனையில் கடல் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நாள் முதல், அங்கே மிதிவண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் இருந்துவந்தது. 2025 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் அல்லாஹ்வின் அருளால் அது வாய்த்தது. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், தெரிந்தவர் வீட்டை ஒட்டிய சிறு வீட்டில் ஆறு நாள்கள் தங்கினோம். குடும்பத்தோடு ஓட்டத் தகுந்த வழிகள் அங்கே எவை என்று திரும்பி வந்தபின் பலரும் கேட்கின்றனர். தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

மலையடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிதிவண்டி என்றால் ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுப் பறப்பது. போடியிலிருந்து போடிமெட்டு வரை சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. அதன் அடியில் வாழ்பவர்க்குத் தட்டைநிலம் மிக எளிதாகவே தோன்றும். முதல் நாள் மாலையே அந்த எண்ணம் கலைந்தது. தீவில் இறக்கம் என்பதே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடுகிறது. மேட்டின் வேலையை அங்கே காற்று செய்கிறது. எங்களுக்கு இடம் தந்தவரின் வாப்பா, கடலுக்குப் போய் ஓய்ந்த பெரியவர், வாசலில் நின்று சொன்னார்: "ஹஜ்ரத், இது வாடைக் காலம். போறப்போ எதிர்க்காத்துல போங்க, வர்றப்போ காத்தே கொண்டாந்து விட்டுரும். மாத்திப் போனீங்கன்னா புள்ளைங்க பாதி வழில உக்காந்துரும்." ஆறு நாளும் எங்களுக்கு இந்தச் சொல்லே வழிகாட்டியாயிற்று.

டிசம்பரில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான். பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் நோக்கிச் செல்லும் சாலை பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. ஆகவே வாடைக் காலத்தில் தங்கச்சிமடத்திலிருந்து கிழக்கே போவது சிரமம், திரும்புவது சுகம். கச்சான் காலத்தில் இது தலைகீழாகும். தீவில் வழி தேடுவோர் வரைபடத்துக்கு முன்னர் மாதத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் பதினாறு வயது மகன், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது இளையவன். இவர்களைவிட எங்களுக்குக் கவலை தந்தவர் எம் துணைவியார்தான். அவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது, பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியுள்ளார். கற்றவர்களில் முஸ்லிம் பெண்களும் பலர். எம் மாமி அப்போது கற்றுக்கொண்டவர். தாய் ஓட்டுவதைப் பார்த்து, பத்து வயதில் மகளும் கற்றார். திருமணமாகிப் போடிக்கு வந்த பின் இருபது ஆண்டுகளாக அவர் மிதிவண்டியைத் தொடவில்லை. மேடான தெருக்கள் ஒரு காரணம். மதரஸா ஆசிரியரின் வீட்டார் என்பதால் ஊர் என்ன சொல்லுமோ என்பது மற்றொன்று. தீவுப் பயணத்துக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: "நானும் ஓட்டுவேன், நின்று வேடிக்கை பார்க்க வரமாட்டேன்."

இதில் மார்க்கம் தடுப்பதாக எதையும் நாம் அறியோம். ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள் என்பது ஹதீஸ் படித்தோர் அனைவரும் அறிந்ததே. ஒழுக்கமான உடையும், பாதுகாப்பான வழியும், உடன் குடும்பமும் இருக்கையில், எஞ்சி நிற்பது ஊர்ப்பேச்சு மட்டுமே. ஊர்ப்பேச்சுக்கு ஃபத்வா கிடையாது.

உடையைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. புர்கா அணிந்து ஓட்டுவோர்க்கு உண்மையான ஆபத்து சங்கிலியிலும் பின்சக்கரத்திலும் இருக்கிறது. சங்கிலியை முழுவதும் மூடும் தகட்டு மூடியும், பின்சக்கரத்தின் மேற்பாதியில் வலைத் தடுப்பும் உள்ள பெண்கள் மிதிவண்டியே வேண்டும். தெரிந்தவர் வீட்டில் மூன்று வண்டிகள் கிடைத்தன. மற்ற இரண்டை ஒரு சைக்கிள் கடையில் நாள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் முதலில் தந்த பெண்கள் வண்டியில் மூடி பாதி உடைந்திருந்தது. வேறு மூடி பொருத்தித் தரும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பிரேக் கம்பியையும் அங்கேயே இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி வழிகள். அனைவரும் கேட்பது தனுஷ்கோடிச் சாலை. இராமேசுவரம் நகரிலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு கடலுக்கு இரையானது. அதன்பின் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில்தான் வண்டிகள் போயின. முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017இல். இருபுறமும் கடல், நடுவே ஒரே சாலை. அழகுக்கு ஈடில்லை. ஆயினும் சிறுவர்களோடு டிசம்பரில் அங்கே மிதிவண்டி வேண்டாம் என்பதே எம் முடிவு. நிழல் இல்லை, சுற்றுலா வண்டிகள் அணிவகுக்கும் காலம் அது. அவற்றைவிட முக்கியமான காரணம் காற்று. சாலை தென்கிழக்காக ஓடுகிறது. வாடை இடப்புறத்திலிருந்து நேர்குறுக்கே அடிக்கிறது. நாம் சாலையின் இடது ஓரத்தில் போகிறோம். காற்றோ வண்டியை வலப்புறம், அதாவது ஓடும் வாகனங்களின் பக்கம் தள்ளுகிறது. பெரிய பேருந்து ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து மீண்டும் அடிக்கும். அப்போது கைப்பிடி தானே திரும்பும். மூத்த மகனும் நாமும் மட்டும் ஒரு நாள் காலை, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டுப் போய் வந்தோம். பழைய தேவாலயத்தின் சிதைந்த சுவர்களுக்கு அருகில் சாலைமேல் மணல் படர்ந்திருந்ததால் இருவரும் இறங்கித் தள்ள நேர்ந்தது. மற்றவர்கள் அரசுப் பேருந்தில் வந்தார்கள்; முனையில் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். எங்கள் ஊர்ச் சாலை அங்கே ஒரு வட்டத்தோடு முடிந்துவிடுகிறது. இளையவன் தூணைச் சுற்றி ஓடிவந்து, "அத்தா, இதுக்கு மேல போடி இல்லையா?" என்றான்.

பாம்பன் சாலைப் பாலமும் அப்படித்தான். 1988இல் திறக்கப்பட்ட அப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. புதிய ரயில் பாலத்தைப் படம் பிடிக்க வண்டிகளை நடுவில் நிறுத்தி இறங்குகிறார்கள். அங்கே பிள்ளைகளை ஓட்டவிடலாகாது, நடந்துபோய்ப் பார்க்கலாம்.

குடும்பத்துக்கு ஏற்ற வழிகள் பெரும்பாலும் பேர்பெற்றவை அல்ல. தங்கச்சிமடத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே பிரியும் ஊர்ச்சாலைகளே எங்களுக்கு மிகவும் பிடித்தன. தென்னந்தோப்புகளுக்கு நடுவே மல்லிகை நாற்றங்கால்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு மல்லிகை நாற்று அந்த மணல் நிலத்திலிருந்துதான் போகிறது. தோப்பு காற்றைத் தடுத்துவிடுகிறது. எம் துணைவியார் இருபது ஆண்டுகளுக்குப் பின் முதன்முதலில் மிதித்தது அங்கேதான். தொடக்கத்தில் கைப்பிடி ஆடியது. ஒரு திருப்பத்தில் மணலில் சக்கரம் புதைந்து காலூன்றி நின்றார். மூன்றாம் திருப்பத்துக்குப் பின் ஆட்டம் நின்றது. பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வழி, பாம்பனிலிருந்து தெற்கே குந்துக்கால் கடற்கரைக்குச் செல்லும் சாலை. 1897 சனவரியில் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம் அது, நினைவிடம் உள்ளது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்க, மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருந்தது. போகும்போது காற்று பின்னால் இருக்கும் என்பதால் இவ்வழி பெரியவரின் கட்டளைக்கு மாறானது. ஆகவே ஃபஜ்ர் தொழுதவுடன், காற்று வலுக்கும் முன்னரே போய்த் திரும்பிவிட்டோம். சாலையோரமெங்கும் சீமைக்கருவேல முள். மகளின் முன்சக்கரம் பஞ்சர் ஆனது. ஒட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் இளையவன் சாலையில் கிடந்த முட்கிளைகளை இழுத்து ஓரத்தில் போட்டான். பாதையிலிருந்து துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை மதரஸாவில் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனையோடு அது அவனுக்கு இனி நினைவிருக்கும்.

மூன்றாவது, பேக்கரும்பு. டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் அடக்கமாகியுள்ள இடம். தங்கச்சிமடத்திலிருந்து கிழக்கே நெடுஞ்சாலையில் குறுகிய தூரம்தான். ஆனால் நெடுஞ்சாலை என்பதால் ஒருவர் பின் ஒருவராக வரிசையாகவே போனோம். போகையில் எதிர்க்காற்று, திரும்புகையில் மிதிக்காமலே பாதி வழி. இராமேசுவரத்துக்கு வடக்கே ஓலைக்குடா பக்கமும் ஒரு மாலை போனோம்; மீனவர் வலை உலர்த்தும் சாலை, வாகனம் குறைவு. கந்தமாதன பர்வதம் என்பது தீவின் உயர்ந்த இடம். "இதுக்கா மலைன்னு பேரு?" என்று மூத்தவன் சிரித்தான். பிறர் புனிதமாகக் கொள்ளும் இடத்தில் அவ்வாறு சிரிப்பது அதபு அன்று என்று சொல்லி அழைத்துவந்தோம்.

வரிசையைப் பற்றிச் சொன்னோம். யார் முன்னால், யார் பின்னால் என்பதில் முதல் நாள் பிள்ளைகளுக்குள் சண்டை. இளையவர்கள் பாய்ந்து போவதும், தாய் பின்தங்குவதும், மூச்சிரைக்க அவர் வந்து சேர்ந்ததும் இவர்கள் மீண்டும் கிளம்புவதுமாக இருந்தது. ஓய்வு தேவைப்பட்டவருக்கே ஓய்வில்லை. அன்றிரவு இரண்டு செய்திகளைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினோம். உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) அவர்களை இமாமாக நியமித்தபோது, கூட்டத்தில் மிகப் பலவீனமானவரை அளவாகக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பயணங்களில் அவர்கள் பின்தங்கி வந்து, இயலாதவரின் வாகனத்தை ஓட்டிவிட்டும் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டும் வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. மறுநாள் முதல் துணைவியார் முன்னால் போனார். அவர் வேகமே அனைவரின் வேகம். பிள்ளைகள் நடுவில், மூத்தவனும் நாமும் மாறிமாறிக் கடைசியில். இந்த ஒழுங்குக்குப் பின், முன்பு எட்டு கிலோமீட்டரில் களைத்தவர்கள் பதினைந்து போய்வந்தோம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு வசதி எதிர்பாராமல் கிடைத்தது. எங்கள் ஊரில் ஹனஃபி முறை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபே பரவலானது. அங்கே அஸர் பாங்கு எங்கள் கணக்கைவிட முக்கால் மணி நேரம் முந்துகிறது. இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரின் கருத்தும் அந்நேரத்தை ஏற்பதால், தயக்கமின்றி ஜமாஅத்தோடு தொழுதோம். மூன்றே முக்காலுக்குக் கிளம்பினால் மஃரிபுக்கு முன் இரண்டு மணி நேரம் முழுதாக இருந்தது. ஆறு நாள்தான் தங்குகிறோம் என்பதால் தனித்துத் தொழுகையில் கஸ்ரு. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் நான்கும். "எல்லா வேளையும் பள்ளிக்குப் போனா கஸ்ரே கிடைக்காதே அத்தா" என்று மகன் கணக்குப் போட்டான்.

திரும்பி வந்த பின், ஜமாஅத்தில் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், நம்ம வீட்டம்மா சைக்கிள் ஓட்டுன படத்தைப் பார்த்தோம். அங்கே சரி, இங்கே?" கேட்டவர் நல்லவர், கேள்வியிலும் கசப்பில்லை. அவருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த மிதிவண்டியில்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள். அதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

சனவரியில் ஒரு பெண்கள் மிதிவண்டி வாங்கினோம். முழு மூடி, பின்சக்கர வலை இரண்டும் உண்டு. வாரத்தில் மூன்று நாள், ஃபஜ்ருக்குப் பின் துணைவியாரும் மகளும் நாமும் கிழக்கே மீனாட்சிபுரம் பக்கம் போய்வருகிறோம். அது சமதளம். சூனில் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கும். அப்போது கிழக்கே போனால் திரும்புவது கடினம். அந்த மாதங்களில் மேற்கே முந்தல் நோக்கிப் போகலாம் என்கிறார் துணைவியார். போகையில் மேடும் எதிர்க்காற்றும் சேர்ந்தே இருக்கும். திரும்பும்போது இரண்டும் நம் பக்கம். முந்தல் வரை ஒரே மூச்சில் முடியுமா என்பது தெரியவில்லை. பாதி வழியில் தேநீர்க்கடை ஒன்று இருக்கிறது.