பின்பலகை

சுனாமிக்கு அடுத்த வருடம் சித்தப்பா வாங்கிய ஃபைபர் வள்ளம் அது. போன வருடம் குளச்சலுக்குப் போயிருந்தபோது, எஞ்சின் மாட்டும் பின்பலகையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டினார். “மேலால ரெண்டு கோட் ரெசின் அடிச்சா போதும் சித்தப்பா” என்றேன். எஞ்சினியர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று அவரும் அடித்துவிட்டார்.

இந்தத் தடவை எஞ்சினைச் சாய்த்துவைத்து, அதன் கால் பகுதியை அழுத்தச் சொன்னார். பலகையும் கூடவே அசைந்தது. சுத்தியல் பிடியால் தட்டினார். ஓரத்தில் ‘டங்’, போல்ட்டுக்குக் கீழே ‘தொப்’. உள்பக்கம் சின்னதாகத் துளை போட்டதும் ட்ரில்லில் ஒட்டிவந்த தூள் கறுத்து, நனைந்து, புளித்த வாடை அடித்தது.

ஃபைபர் அழுகாது. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் இருக்கும் ப்ளைவுட் அழுகும். போல்ட் ஓட்டை வழியே வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நான் பூசச் சொன்னது வெளியே தெரிந்ததை மட்டும். அதை நம்பி ஒரு வருடம் மூன்று பேர் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

உள்அடுக்கை வெட்டி, அழுகலை உளியால் சுரண்டினோம். நல்ல மரம் வரும்வரை நிறுத்தக்கூடாது. எனக்குப் பாதியிலேயே போதும் என்று தோன்றியது (ஆபீஸ் பழக்கம்). நன்றாகக் காயவிட்டு, மரைன் ப்ளைவுட் இரண்டை எபாக்சியில் ஒட்டி, மேலே கண்ணாடியிழை போட்டோம். போல்ட் துளைகளைப் பெரிதாக்கி எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தோம். இனி அந்த வழியாகத் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

“அது போதாதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே சித்தப்பா?”

“நீ ஆசையா சொன்ன மக்கா. கையில காசும் இல்ல.”