உள்ளே இருப்பது என்ன?



இந்த வாரச் சிந்தனை பணத்தைப் பற்றியது. அதோடு, என் ஊழியத்தில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியதும்கூட. இதில் வரும் தாயும் மகனும் இசைவு தந்த பின்னரே எழுதுகிறேன். அவர்கள் பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் அருளுரையை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நம் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்து, கல்விக் கடனோடு டொரொன்டோவுக்குச் சென்ற தம்பிதான் பேசினார். கடன் அடைந்துவிட்டது. அந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் கிடைத்துவிட்டது. "ஐயா, இப்போது மாதம் ஐந்நூறு டாலர் மிச்சம் பிடிக்க முடிகிறது. உடன் வேலை செய்பவர்கள் இ.டி.எஃப். வாங்கச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எதை எடுப்பது என்று விளங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். ஐயாவைக் கேட்காமல் ஒரு காசும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு அருளுரை எழுத ஓடவில்லை. ஏனெனில், அந்தத் தாய்க்கு நான் ஏற்கெனவே ஒருமுறை ஆலோசனை கூறியிருக்கிறேன்.

1996ஆம் ஆண்டு அது. இறையியல் பட்டம் பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இராஜபாளையத்தை ஒட்டிய ஒரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். நூற்பாலையில் வேலை பார்த்த அவர் கணவர் திடீரென மறைந்தார். கையில் ஒரு வயதுக் குழந்தை. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாமாகச் சேர்ந்து எண்பதாயிரம் ரூபாய் வந்தது. "வங்கியில் போடவா, அந்த ஃபைனான்ஸில் போடவா ஐயா?" என்று கேட்டார்.

அக்காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்திருந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டி என்று அறிவிப்புப் பலகைகள் கூவின. அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தின் உரிமையாளர் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு வந்து, ஆலயத்துக்கு நான்கு மின்விசிறிகளை வாங்கிக் கொடுத்திருந்தார். மக்களிடம் வாங்கும் பணத்தை அவர் எதில் போடுகிறார், அவ்வளவு வட்டி எதிலிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. மின்விசிறிகளை மட்டும் பார்த்தேன். "நல்ல மனிதர்தாம் அம்மா" என்று கூறினேன்.

அறுபதாயிரம் ரூபாயைப் போட்டார். பதினான்கு மாதம் வட்டி வந்தது. பிறகு ஒரு நாள் கடை திறக்கவில்லை. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால், அந்நாட்களில் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய்க்குப் பணம் திரும்பவில்லை. கணவர் வேலை பார்த்த ஆலைக்கே வேலைக்குச் சென்று மகனை வளர்த்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. எனக்கு மாறுதல் வந்தது. நான் மன்னிப்புக் கேட்காமலே சென்றுவிட்டேன். சபைகள் பல கடந்து மறுபடியும் இந்தப் பகுதிக்கே வந்த பின்னும், ஞாயிறுதோறும் அவர் முகத்தைப் பார்த்தும், அதைக் கேட்கவில்லை.

ஆகவே தம்பியிடம், "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஜெபித்தேன். ஆனால் இம்முறை படிக்கவும் செய்தேன். மூன்று வாரம் படித்ததில் விளங்கியதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இ.டி.எஃப். என்பது பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கவும் விற்கவும் கூடிய ஒரு நிதி. ஆனால் அது ஒரு கம்பெனியின் பங்கு அன்று. பல கம்பெனிகளின் பங்குகளோ கடன் பத்திரங்களோ அடங்கிய ஒரு கூடை. ஒரு மில்லின் பங்கை மட்டும் வாங்கியவர் அந்த மில் நின்றால் தாமும் நிற்பார். ஐம்பது தொழில்களில் சிறு சிறு பங்கு உள்ளவருக்கு ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும். வரப்போகும் தீங்கு இன்னதென்று அறியாதபடியால் உன் பங்கை ஏழெட்டாகப் பிரித்து வை என்னும் கருத்தைப் பிரசங்கியின் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மானாவாரி நிலத்தில் ஒரே பயிரை நம்பாத நம் சம்சாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வகை நிதி முதலில் தோன்றியது கனடாவிலேதான். 1990இல் டொரொன்டோ பங்குச் சந்தையில், அங்கிருந்த 35 பெரிய கம்பெனிகளின் குறியீட்டைப் பின்பற்றி அது தொடங்கியது. அமெரிக்காவில் 1993இல் வந்தது. நம் நாட்டில் நிஃப்டி பீஸ் என்ற பெயரில் 2001ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமானது.

இங்கே ஆலைகளில் வேலை செய்யும் நம் சபையார் ஒன்றை அறிய வேண்டும். இ.டி.எஃப். உங்களுக்கு அந்நியமானதன்று. 2015 ஆகஸ்டு முதல் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், புதிதாக வரும் சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை இ.டி.எஃப்.களில் போட்டு வருகிறது. முதலில் 5 விழுக்காடு, பிறகு 10, 2017 முதல் 15 விழுக்காடு வரை. நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, உங்களுக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்தார். கனடாவில் இருக்கும் தம்பியோ தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, உள்ளே இருப்பது என்ன?

நான் 1996இல் கேட்கத் தவறிய கேள்வி இதுவே. கூடை என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. 2000ஆம் ஆண்டில் டொரொன்டோ பங்குச் சந்தையின் முதன்மைக் குறியீட்டில் நார்டெல் என்ற ஒரே கம்பெனி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடையைப் பிடித்திருந்தது. முந்நூறு கம்பெனிகளை வாங்கியதாக நினைத்தவர்கள் உண்மையில் பெரும்பகுதியை ஒன்றில் வைத்திருந்தார்கள். நார்டெல் சரிந்தது. 2009இல் திவாலானது. இன்றும் கனடாவின் குறியீட்டில் வங்கிகளும் எண்ணெய், சுரங்கத் தொழில்களும் மிகுந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. உலகப் பங்குச் சந்தை முழுவதையும் நோக்கினால் கனடாவின் பங்கோ மிகச் சிறிது. அதனால் கனடா, அமெரிக்கா, பிற நாடுகள் ஆகியவற்றின் பங்குகளையும், வேண்டுமானால் கடன் பத்திரங்களையும், ஒரே கூடையில் கலந்து வைத்து, விகிதம் மாறும்போது தாமே சரிசெய்யும் இ.டி.எஃப்.கள் 2018 முதல் அங்கே பெருகியுள்ளன. நேரமும் அனுபவமும் குறைந்த ஒருவருக்கு அவை எளிய வழி. அதே சந்தையில், குறியீட்டின் ஒரு நாள் ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்கித் தருபவையும், பிட்காயினை மட்டும் வைத்திருப்பவையும், இ.டி.எஃப். என்ற அதே பெயரில் விற்கப்படுகின்றன. எந்த நிதியின் உள்ளே என்ன, எத்தனை விழுக்காடு என்பதை அதை நடத்தும் நிறுவனமே வெளியிடுகிறது. வாசிக்க ஒரு மணி நேரம் போதும். வாசித்தும் விளங்காததை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, கூலி எவ்வளவு?

கூடையைப் பராமரிப்பவர் ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டைக் கூலியாக எடுத்துக்கொள்கிறார். அதற்குத் தனியே ரசீது வருவதில்லை. நிதியின் மதிப்பிலிருந்தே கழிந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை. கனடாவில் இரண்டு விழுக்காட்டை ஒட்டிக் கூலி பிடிக்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் பல உண்டு. கால் விழுக்காட்டுக்கும் குறைவான கூலியில் இ.டி.எஃப்.களும் உண்டு. ஒரு கணக்குக்காக, 10,000 டாலர் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்வதாக வைத்துக்கொள்வோம். கூலி 2 விழுக்காடு என்றால் 25 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 26,700 டாலராகும். கூலி கால் விழுக்காடு என்றால் ஏறத்தாழ 40,500. இடையிலுள்ள வேறுபாடு, முதலில் போட்ட தொகையையே விஞ்சுகிறது. ஒரு கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நாம் சீஷத்துவத்தைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். அதுவே சரியான பொருள். ஆயினும், உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அன்று என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, இந்தப் பணம் எப்போது தேவைப்படும்?

2008ஆம் ஆண்டில் டொரொன்டோ குறியீடு ஏறத்தாழ 35 விழுக்காடு வீழ்ந்தது. நம் நிஃப்டி பாதிக்கும் மேல் வீழ்ந்தது. பின்னர் இரண்டும் மீண்டன. ஆனால் அந்த ஆண்டே மகளின் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ பணம் எடுக்க வேண்டியிருந்தவருக்கு, பின்னர் மீண்டதால் என்ன பயன்? ஓரிரு ஆண்டில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமன்று. அதற்கு வங்கி வைப்பே போதும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடத் தேவையில்லாத பணமே பங்குகளுக்கு ஏற்றது. அந்தப் பணத்துக்கும் எந்த இலாபமும் உறுதியன்று. உறுதி என்று சொல்கிறவரைக் கண்டால் என் நான்கு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, எந்தக் கணக்கில் வைப்பது என்பதும் உண்டு. 2009 முதல் கனடாவில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் வருவாய்க்கு அந்நாட்டில் வரி இல்லை. 2025இல் ஆண்டு வரம்பு 7,000 டாலர். அங்கே குடியேறுவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வரம்பு சேராது. வரம்பை மீறிப் போட்டால் மீறிய தொகைக்கு மாதம் 1 விழுக்காடு அபராத வரி உண்டு. ஒருநாள் ஊருக்கே திரும்பிவிட்டால், கனடாவின் வரிவிலக்கு இந்திய வருமான வரியைத் தடுக்காது. புதிதாய்ச் சென்ற நம் பிள்ளைகள் பலர் இதை அறியாதிருக்கிறார்கள்.

"பங்குச் சந்தை சூதாட்டம் அல்லவா ஐயா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். சூதாட்டமாக ஆடுகிறவர்கள் உண்டு. 2021 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் ஊக வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நட்டமடைந்ததாக, ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் வாலிபர்கள் கைப்பேசியில் செய்வது பெரும்பாலும் அதுவே. உழைத்துப் பொருள் செய்யும் தொழில்களில் பங்கு கொண்டு, அவை வளரப் பொறுமையாய்க் காத்திருப்பது வேறு. உக்கிராணத்துவம் என்று நாம் சொல்வது இந்தப் பொறுமையையும் சேர்த்துத்தான்.

மூன்று வாரம் கழித்துத் தம்பியை அழைத்தேன். இன்ன நிதியை வாங்கு என்று கூறவில்லை. அது என் தகுதிக்கு உட்பட்டதன்று. மூன்று கேள்விகளைக் கூறினேன். தரகுக் கூலி வாங்காமல் கட்டணம் மட்டும் பெறும் ஓர் ஆலோசகரை அங்கேயே பார்க்கச் சொன்னேன். பிறகு, அவர் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அம்மா இதை எனக்குச் சொன்னதே இல்லை ஐயா" என்றார்.

மறுநாள் மாலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதமாக, "நான் விசாரிக்காமல் சொன்னேன் அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் எழுந்து உள்ளே சென்று காப்பி கொண்டுவந்து வைத்தார். "அப்போது நீங்களும் சின்னப் பிள்ளைதானே ஐயா" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் அந்த அறுபதாயிரம் இருந்திருந்தால் இரவு ஷிப்டுக்குப் போயிருக்க மாட்டேன்" என்றும் சொன்னார். இரண்டையும் ஏற்றுக்கொண்டு திரும்பினேன்.

பிரியமானவர்களே, மன்னிப்பு கிடைத்தது. அவர் இழந்த இரவுகள் திரும்பவில்லை. மற்றவர்கள் நம் வார்த்தையை நம்பும் இடத்தில் நம்மை வைத்தவர் கர்த்தர். போதகருக்கு மட்டுமல்ல, குடும்பத்தில் மூத்தவருக்கும், படித்த பிள்ளைக்கும், குழுத் தலைவிக்கும் இது பொருந்தும். தெரிந்தால் தெரிந்த அளவே சொல்லுவோம். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லும் தாழ்மையைக் கேட்போம்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, நீர் எங்கள் கையில் தந்த கொஞ்சத்தையும் உண்மையாய்க் காக்க எங்களுக்கு ஞானம் தாரும். ஆராயாமல் நாங்கள் பேசிய வார்த்தைகளால் நட்டமடைந்தவர்களை நினைத்தருளும். அவர்களிடம் சென்று மன்னிப்புக் கேட்கும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். தூர தேசங்களில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளையும், இங்கே காத்திருக்கும் தாய்மாரையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.