மறு உடல்

தெஹிவளையில், புகையிரதப் பாதையை அடுத்த வீடொன்றில், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் ‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ என்னும் கணினி விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். பழைய விண்கலத்தின் அணுஉலையைக் கழற்றியதும் அது கொதிக்கத் தொடங்கும். வெடிக்குமுன் அப்புறப்படுத்தல் வேண்டும். தவறினால் மரணம். ஆயினும் புதிய உடல் கிடைக்கும். கடன் மட்டுமே பெருகும்.

அபாயத்தை முன்கூட்டிப் பழகுதல் புதிதன்று. 1952 இல் கனடாவின் சோக் றிவரில் பழுதுற்ற அணுஉலையைக் கழற்றச் சென்றோருள், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி காட்டரும் ஒருவர். அவர்தம் குழுவினர் டென்னிஸ் திடலில் மாதிரி அமைத்துப் பழகினர். பின்னர் உள்ளே ஒவ்வொருவரும் நின்றது ஏறத்தாழ 90 விநாடிகளே.

கொதிகலன் திருத்தும் தந்தை திரையை நோக்கினார்.

“பழகு தம்பி. ஆனால் எங்களுக்கு மறு உடல் இல்லை.”

அவரது தழும்பேறிய கையை மாணவன் கண்டான். மீண்டும் தொடங்கினான், இம்முறை அவசரப்படவில்லை.